ஆரஞ்சுப் பழமும் சாத்திய கதவும்

ஐம்பது வயதில் புகைப்படம் கற்கக் கிளம்பிய எனக்கு முதல் பாடம் ஓர் ஆரஞ்சுப் பழம். வீட்டு மேசைமேல் வைத்து, முன்கதவைச் சாத்தி, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுக்கச் சொன்னார்கள். சாத்தினேன். பழத்தோலின் ஒவ்வொரு குழியும் நிழலோடு எழுந்து நின்றது. ஒரு படம் எடுத்துவிட்டுக் கேமராவை இறக்கினேன்.

இதே தாராவி வீடு. எனக்கு எட்டு வயது. அக்காவைப் பெண் பார்க்கக் கல்யாண் நகரிலிருந்து வந்திருந்தார்கள். பக்கத்துப் பட்டறையின் தோல் நாற்றத்தை மறைக்க இரண்டு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அக்காவின் கன்னம் நிறைய இருந்த அம்மைத் தழும்பை மறைக்க அம்மாவுக்கு வேறு வழி தெரியும். திறந்த கதவைப் பார்த்து உட்கார வைத்துவிடுவாள். நேராக விழும் வெளிச்சத்தில் தழும்பு தெரியாது. மாப்பிள்ளை சிரித்துக்கூட விட்டார்.

அப்போது மிக்சர் வாசனைக்கு ஒரு நாய் வாசலில் வந்து நின்றது. என்னைத் தின்னத்தான் வந்திருக்கிறது என்று முடிவு செய்த வீரன் நான், பாய்ந்துபோய்க் கதவைச் சாத்தினேன். மிச்சமிருந்தது அக்காவின் கன்னத்தில் பக்கவாட்டில் விழுந்த ஜன்னல் வெளிச்சம்தான்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தாள். “புள்ளைக்கு அம்மை போட்டிருந்ததைச் சொல்லவே இல்லையே?”

அக்காவுக்குக் கல்யாணம் நடக்கவே இல்லை. என்னோடுதான் இருக்கிறாள். இப்போது வந்து கேமராவை எட்டிப் பார்த்தாள். பதற்றத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

“குழியெல்லாம் எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாத்தியாக்கா?”

அவள் பழத்தைத் திருப்பி வைத்தாள்.

“ஏலே, போய்க் கதவைத் தொற. இந்தப் பழத்துக்காவது மாப்பிள்ளை அமையட்டும்.”