முறிந்த ஸ்டட்டும் அண்ணியின் தோளும்

என் அண்ணனுக்கு மூக்கின் மேல் கோபம், கையில் அவசரம். அவருடைய பட்டறைக்குப் பக்கத்திலேயே நான் உதிரிபாகக் கடை வைத்திருப்பதால், அவர் ஒடிப்பதெல்லாம் எனக்கு வியாபாரம். அண்ணன் ஒடிப்பார், அண்ணி எடுப்பார். அவர்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

ஒடிவது பெரும்பாலும் ஸ்டட். இன்ஜின் பிளாக்கோடு அதன் மேல்மூடியான ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும், இரு முனையிலும் மரை வெட்டிய கம்பி. பழைய பிளாக்கில் அது துருவேறி ஒட்டிக் கிடக்கும். பலம் போட்டால் முறிந்து, பாதி உள்ளேயே நின்றுவிடும். டிரில் போட்டாலோ, கெட்டியான கம்பியை விட்டு நழுவி, பக்கத்து வார்ப்பிரும்பைத் தின்னும். அண்ணி டிரில்லைத் தொடவே மாட்டார். முறிந்த தலைமேல் நட்டு வைத்து, அதன் துளை வழியாக வெல்டிங் வைத்துக் கம்பியோடு சேர்த்துவிடுவார். அந்தச் சூட்டிலேயே துரு விட்டுக்கொடுக்கும்.

"உங்கண்ணன் மாதிரிதான் தம்பி இதுவும். சூடாகி ஆறினப்புறம்தான் பேச்சு வச்சுக்கணும்" என்பார்.

போன மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, அண்ணியின் இடது தோள் கெட்டுப்போனது. கட்டுப் பிரித்த பிறகும் கையில் பலம் வரவில்லை. அண்ணன் அவரைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. அக்கறைதான், ஆனால் அண்ணிக்கு அது தண்டனை. "வேலையும் இல்லேன்னா இனி நான் எதுக்குத் தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

அப்போதுதான் தண்ணி லாரிக்காரர் தன் பழைய பிளாக்கோடு வந்தார். "இது போச்சுன்னா வேற கிடைக்காது. லாரியைப் பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தார். அண்ணன் எல்லா ஸ்டட்டையும் ஒழுங்காகக் கழற்றி, கடைசி ஒன்றை மட்டும் பிளாக்கோடு மட்டமாக முறித்தார். முறித்த கையோடு டிரில்லை எடுத்தார். நான் பின்கட்டுக்கு ஓடி அண்ணியைக் கூப்பிட்டேன்.

ஈரக் கையைத் துடைத்தபடியே வந்தவர், "அதைக் கீழ வைங்க" என்றார். அண்ணன் முனகிக்கொண்டே வைத்தார்.

வெல்டிங்குக்கு வலது கை போதும். முதல் நட்டு ஒட்டாமல் கையோடு வந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அண்ணன்.

"என்னத்தச் சொன்னீங்க?"

அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது நட்டு பிடித்தது. சூடு கொஞ்சம் தணிந்ததும் அண்ணி ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தார். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. பிறகு இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள டி ஸ்பேனரை மாட்டினார். அதற்கு இரண்டு கையும் சமமாகப் பலம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் கம்பி மறுபடி முறியும். இடது கையை வைத்து அழுத்திப் பார்த்தார். கை கேட்கவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணனிடம், "இந்தப் பக்கம் நீங்க பிடிங்க. நான் நிறுத்துங்கன்னா நிறுத்தணும்" என்றார்.

"நிறுத்தாம எங்க போகப் போறேன்?"

அண்ணன் யார் சொல்லியும் எதையும் நிறுத்தியவரில்லை.

"முதல்ல இறுக்குங்க."

"கழட்டத்தானே வந்தோம்?"

"இறுக்குங்க. பிடி விடட்டும்."

கிரீச்சென்று ஒரு சத்தம். பிறகு கழற்றும் பக்கம் ஒரு இழை, மறுபடி இறுக்கும் பக்கம். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, "நிறுத்துங்க" என்றார் அண்ணி. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அண்ணன் நிறுத்திவிட்டார்.

"கம்பி சுத்தல, முறுக்கிக்குது. திருப்புங்க."

திருப்பினார். மறுபடி சூடு, மறுபடி மெழுகு. அதன் பிறகு ஸ்டட் வழிக்கு வந்தது. கடைசிச் சுற்றுகளை அண்ணி விரலாலேயே சுற்றி எடுத்தார். லாரிக்காரர் எழுந்து வந்து துளைக்குள் விரல் விட்டு மரையைத் தடவிப் பார்த்தார். அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பயந்துட்டேன்."

"பயந்ததுனாலதான் நின்னீங்க" என்ற அண்ணி, வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"இந்தக் கைக்கு இனிமே பலம் வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்டதான் சொல்லல. சொன்னா பட்டறைக் கதவையே சாத்திடுவீங்க."

அண்ணன், சொந்தப் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு, கூலிக்கு வந்த ஆள் மாதிரிக் கேட்டார்:

"நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"