படத்தில் என் மாமியார் அழவில்லை

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏழு மாடி ஹோட்டல் எரிந்த நாளைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் அதைத்தான் போடுவார்கள். பின்னால் புகை. முன்னால் ஒரு பெண். தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கும், வாய் அகலத் திறந்திருக்கும், இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருக்கும். மணிக்கட்டோடு படம் முடிந்துவிடும். கீழே ‘பிள்ளையைப் பறிகொடுத்த தாய்’ என்று எழுதியிருக்கும்.

அந்தப் பெண் என் மாமியார். அவர் பறிகொடுத்ததாக ஊரே உச்சுக்கொட்டும் பிள்ளையைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன். இதை எழுதும்போது அந்தப் பிள்ளை பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. அத்தைக்கு வேறு பிள்ளைகள் கிடையாது. ஹோட்டல் எரிந்த அன்று இவர் வீட்டுப்பாடம் எழுதாமல் போய் வகுப்பில் பெஞ்சுமேல் நின்றிருந்தார். அவருக்கு நேர்ந்த பெரிய ஆபத்து அவ்வளவுதான்.

அத்தை அந்த ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். கட்டடத்தின் பின்புறம், சமையலறையைத் தாண்டி, முற்றத்தை ஒட்டிய நீளமான கூடம் அது. கொதிகலன் ஒரு பக்கம் இரைய, துவைக்கும் இயந்திரங்கள் இன்னொரு பக்கம் உருள, பக்கத்தில் நிற்பவளிடம் பேசவே கத்தவேண்டும். அங்கே இருந்தவர்களில் அத்தையின் தொண்டைதான் பெரிது. அதனால் எல்லோரும் அவரைச் ‘சங்கு’ என்றே கூப்பிட்டார்கள். ஆலைச் சங்குக்குக்கூட ஓய்வு உண்டு, அத்தைக்குக் கிடையாது. மருமகளாக வந்த புதிதில் எனக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

அந்தத் தொண்டைக்கு அங்கே தனி வேலை இருந்தது. பெரிய துணியை மடிக்கும் முன் நாலு மூலையிலும் ஆள் நின்று, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரே வெட்டாக இழுக்கவேண்டும். அப்போதுதான் சுருக்கம் போகும். ஒருத்தி முந்தினால் எதிரே நிற்பவள் குப்புற விழுவாள். ஒருத்தி பிந்தினால் துணி தொய்ந்து தரையில் புரளும், மறுபடி துவைக்கவேண்டும். ஆகவே ஒருத்தி “இழு” என்று குரல் கொடுப்பாள். அந்த ஒருத்தி எப்போதும் அத்தைதான்.

தீ சமையலறையில் பிடித்து மாடிப்படி வழியாக ஏறியது. தீயணைப்பு வண்டிகள் முன்வாசலில் நின்றன. பின்பக்கச் சந்துக்குள் அவற்றால் நுழைய முடியவில்லை. பின்பக்க ஜன்னல்களிலோ இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தில் விருந்து மண்டபத்தின் திரைச்சீலை ஈரம் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது. கித்தான் மாதிரி கனத்த துணி. சுவரேறி வந்த சில ஆண்கள் அதை உருவி ஜன்னலுக்குக் கீழே விரித்தார்கள். நல்ல மனசுதான், ஆனால் ஆளுக்கொரு நேரம் இழுத்தார்கள். துணி நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. அதைப் பார்த்ததும் அத்தைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“தள்ளுங்கய்யா! இது எங்க வேலை. கூட நிக்கறதுன்னா நில்லுங்க, நான் சொல்றப்பத்தான் இழுக்கணும். முன்னாடி எவனாவது இழுத்தீங்க, கையை ஒடிச்சிடுவேன்!”

சலவைக்காரப் பெண்கள் நாலு மூலைக்கும் போனார்கள். ஆண்கள் நடுநடுவே நின்றார்கள். அத்தை மேலே பார்த்துக் “குதி!” என்றார். ஆள் காற்றில் இருக்கும்போதே “இழு!” என்றார். எல்லோரும் ஒன்றாகச் சாய, துணி பலகைபோல விறைத்து ஆளை வாங்கிக்கொண்டது. “இறக்கு!” அடுத்த ஆள். ஒருவருக்குக் கால் முறிந்தது, இன்னொருவருக்குத் தோள் இறங்கியது. பத்தொன்பது பேர் அந்தத் துணியிலிருந்து உயிரோடு இறங்கினார்கள். பத்தொன்பது! எனக்கு அத்தையோடு தினம் சண்டை உண்டு. அது வேறு. இதைச் சொல்லும்போது என் கழுத்து தானாக நிமிர்ந்துகொள்கிறது.

பின்பக்கம் வந்த ஒரே புகைப்படக்காரர் எடுத்த படம்தான் நீங்கள் பார்த்தது. அத்தை “இழு” என்று சொன்ன கணம் அது. கீழே இருந்த துணியையும் சுற்றி நின்றவர்களையும் யாரோ ஒரு புண்ணியவான் வெட்டிவிட்டுப் பத்திரிகையில் போட்டுவிட்டார்.

விசாரணை நடந்தது. மேலாளரைக் கேட்டார்கள், அதிகாரிகளைக் கேட்டார்கள். சலவைக்கூடத்தை ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை, குதித்துப் பிழைத்தவர்களையும் கேட்கவில்லை. பிழைத்தவர்களைத் தீயணைப்புப் படை காப்பாற்றியதாக அறிக்கை வந்தது. சலவைக்கூடம் மூடப்பட்டு, பெண்கள் பிழைப்புத் தேடித் திசைக்கொருவராகப் போனார்கள். அத்தை மட்டும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், “என் பிள்ளை சாகல, நான் அழவும் இல்ல” என்று சொல்லியிருக்கிறார். அங்கே இருந்தவர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, “மனசைத் தேத்திக்குங்கம்மா” என்றாராம். அடுத்த முறை பிள்ளையையே கையோடு கூட்டிப்போனார். “பாவம், யாரோட பிள்ளையையோ தன் பிள்ளைங்குது, புத்தி கலங்கிடுச்சு” என்று காதுபடப் பேசினார்கள். அதற்குப் பிறகு அத்தை எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. ஆனால் எங்கே அந்தப் படத்தைப் பார்த்தாலும், பேருந்தாக இருந்தாலும் சரி, கல்யாண வீடாக இருந்தாலும் சரி, “நான் அழல” என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

போன வருஷம் ஹோட்டல் இருந்த இடத்தில் நினைவுச் சிலை வைக்க முடிவானது. என்ன சிலை? அந்தப் படம்தான். மண்ணில் உருவம் தயாராகிவிட்டது, வந்து பாருங்கள் என்று நினைவுக்குழுவின் செயலாளர் காரில் வந்து அத்தையையும் என்னையும் சிற்பியின் கொட்டகைக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. வெண்கலத்தில் வார்த்துவிட்டால் அப்புறம் காலத்துக்கும் அவர் அழுதுகொண்டேதான் நிற்கவேண்டும்.

சிற்பி என் வயதுப் பெண். முழங்கைவரை களிமண். மண் காயாமலிருக்க உருவத்தின்மேல் பெரிய ஈரத்துணி போர்த்தியிருந்தாள். அதை எடுத்தாள். வெறுங்கையை நீட்டிக்கொண்டு ஒரு பெண். கன்னத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீர்.

அத்தை சுற்றிவந்து பார்த்தார். “அழகாத்தான் இருக்கா. யாரு இது?”

“நீங்கதாம்மா” என்றாள் சிற்பி.

“நான் அழலையே.”

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “புரியுதும்மா. அந்த வேதனை…”

“வேதனையும் இல்ல, வெங்காயமும் இல்ல! அந்தத் துணியை எடுங்க.”

எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொரு மூலை. எதிர்ப்பக்கம் சிற்பியும் செயலாளரும், இந்தப் பக்கம் அத்தையும் நானும். “சாய்ஞ்சு இழுக்கணும். நான் சொன்னப்புறம்” என்றார் அத்தை. பிறகு “இழு!” என்றார். கூரைத் தகரம் அதிர்ந்தது. மிரண்டுபோன செயலாளர் இழுக்க மறந்து, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்.

சிற்பி சிரிக்கவில்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னொரு தடவை சொல்லுங்கம்மா” என்றாள்.

செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு தன் மூலைக்குப் போனார். இம்முறை சரியாக வந்தது. துணி பட்டென்று விறைத்து, அதிலிருந்த ஈரம் எங்கள் முகத்தில் தெறித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். சாய்ந்த தலை, திறந்த வாய், நீண்ட கைகள். அந்தப் படம் என் பக்கத்தில் நின்றது. ஆனால் அந்த முகத்தில் துக்கம் துளிகூட இல்லை. வேலையில் இருக்கும் முகம் அது.

சிற்பி துணியைக் கீழே விட்டாள். நேராக உருவத்திடம் போய், கன்னத்திலிருந்த இரண்டு சொட்டையும் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தாள். “இந்தக் கையில துணி இருக்கணும். நான் மறுபடி பண்றேன்” என்றாள்.

“அழைப்பிதழ்ல ‘கண்ணீர்த் தாய்’னு அச்சடிச்சாச்சே” என்றார் செயலாளர்.

“மாத்தி அடிங்க.”

நான் கைதட்டிக் கொண்டாடியிருப்பேன். ஆனால் அத்தை பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. மாமாவின் சாவுக்கும் கல்லாக நின்றவர்.

“என்ன அத்தை, என்ன பண்ணுது?”

“ஒரு பொண்ணுடி. வெள்ளை உடுப்பு. நாங்க முந்தின ஆளை இறக்கிட்டிருந்தோம். நான் குதின்னு சொல்லல. புகை தாங்காம அவளே குதிச்சிட்டா.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நான் அந்தப் பக்கம் திரும்பல. திரும்பியிருந்தா அழுதிருப்பேன். அழுதா குரல் வருமா? அதுக்கப்புறமும் ஏழு பேரு மேல நின்னாங்க.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வீட்டுக்கு வந்தாவது அவளுக்காக அழலாம்னு பார்த்தேன். மறுநாளே அந்தப் படம் வந்துடுச்சு. அழுதா அது நெஜமாயிடுமே. அழவே விடலடி என்னை.”

பிறகு அத்தை அவருடைய அந்தத் தொண்டையாலேயே, கொட்டகை முழுக்கக் கேட்க, வாய்விட்டு அழுதார். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். சிற்பி அசையாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அத்தை அதைக் கவனித்துவிட்டார். அழுகைக்கு நடுவிலேயே விரலை நீட்டினார்.

“ஏம்மா, இதைப் பார்த்துப் பண்ணிடாதே. இது இன்னிக்கு அழுகை, அன்னிக்கு இல்ல.”