விரிசலையும் படம் எடுத்தேன்

லீவு கிடைத்தால் கோட்டை, அரண்மனை என்று கிளம்பிவிடுவேன். போன வருடம், நம்ம ராயபுரத்திலேயே பழைய வீடுகள் இருக்கின்றனவே என்று போனும் கையுமாகத் தெருவில் இறங்கினேன்.

தேக்குத் தூண் வைத்த ஒரு மாடி வீடு. ஆறு குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. ஸ்டெல்லா அக்கா என்பவர், "இன்னா தம்பி, வெளியே நின்னுகினு புடிக்கிற? உள்ள வா" என்று கூப்பிட்டு டீ கொடுத்தார். மாடிச் சுவரில் ஒரு விரிசலைக் காட்டி, "நான் கண்ணாலம் ஆயி வந்தப்பவே இது கீது" என்று சிரித்தார்.

அதை நான் எழுதவில்லை. "இருநூறு வயது வீடு, இன்று விழுமோ நாளை விழுமோ" என்று உருகி உருகி எழுதி, விரிசல் படத்தோடு நெட்டில் போட்டேன். வயதுகூட குத்துமதிப்புதான். லைக் குவிந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களைக் காலி செய்ய வழி தேடிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், அதை அப்படியே பிரிண்ட் எடுத்து அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார். ஆபத்தான கட்டடம் என்று நோட்டீஸ் வந்தது.

சேதி தெரிந்து ஓடினேன். வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "வெரிசல நான்தானே உனக்குக் காட்னேன்" என்றார். அதற்குக் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம்.

இப்போதெல்லாம் ஆள் குடியிருக்கும் பழைய வீட்டைக் கண்டால் போனை வெளியே எடுப்பதில்லை. கோட்டைகளுக்கு மட்டும் போகிறேன். அங்கே இருந்தவர்களை எப்போதோ காலி செய்துவிட்டார்கள்.