அறுபது பாகை வெட்ஜும் இஸ்மாயில் காக்காவின் தோளும்

மூன்று கிழமைக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டுக் கல்முனைக் கடற்கரைக்குப் போன நான், அங்கே ஒரு மனிதரை அடித்துவிட்டேன்.

கையால் அல்ல. கோல்ஃப் பந்தால்.

அவர் என்னிலிருந்து நூறடி தள்ளி, வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வயது அறுபது இருக்கும். ஒரு பக்கமாகத்தான் இருக்கிறார், பந்து அங்கே போகாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பந்தை மெதுவாக மேலே தூக்கிப் போடுவதுதான் என் எண்ணம். அது தாழ்வாக, நேராக, கவணில் விட்ட கல் மாதிரிப் போய் அவருடைய இடது தோளுக்குக் கீழே பட்டது.

அவர் கத்தவில்லை. கையிலிருந்த ஊசியை மடியில் வைத்தார். பிறகு அப்படியே மணலில் சரிந்தார்.

ஓடினேன். ஓடும்போது மனதில் ஒரே கணக்கு... நான்கு விரல் மேலே பட்டிருந்தால் கழுத்து. இன்னும் நான்கு விரல் என்றால்?

"காக்கா, மன்னிச்சிக்கங்க. எழும்ப ஏலுமா?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி," என்றார் அவர். "மூச்ச எடுத்துக்கிறன்."

அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிட்ட அவர் பெயர் இஸ்மாயில் என்பதை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் கேட்டேன்.

கல்முனையில் என்ன கோல்ஃப் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் கிரிக்கெட் உண்டு, உதைபந்தாட்டம் உண்டு. கோல்ஃப் வந்தது எங்கள் கம்பனியின் புதிய சேர்மனோடு. என்னைப் போன்ற கிளை மனேஜர்மாரின் வருடாந்தக் கூட்டம் மலைநாட்டில் என்றும், மறுநாள் எல்லோருக்கும் கோல்ஃப் என்றும் அறிவித்தார். சூம் கூட்டத்தில், "யாரெல்லாம் விளையாடுவீர்கள்?" என்று கேட்டார். கைகள் வரிசையாக உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது.

"எப்படி விளையாடுவீர்கள்?"

"ஏவரேஜ், சேர்."

இது முழுப் பொய்யும் இல்லை... உண்மையும் இல்லை. முன்பு டோஹாவில் வேலை செய்தபோது, என் மனைவியின் தம்பி நவ்ஷாத் அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரித்தான். விடுமுறை நாட்களில் அவனோடு போய்ப் பந்து அடித்திருக்கிறேன். மொத்தம் பத்துத் தடவை. அதுவும் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு.

இரண்டு நாளில் பட்டியல் வந்தது. முதலாவது குழு: சேர்மன், இரண்டு பணிப்பாளர்கள், நான்.

அன்றிலிருந்து யூடியூப்தான் கதி. மற்ற மட்டைகளை மைதானத்திலேயே வாடகைக்குத் தருவார்கள். ஆனால் மனிதனின் மானத்தை வாங்குவது வெட்ஜ் என்கிற மட்டைதான் என்று எல்லா வீடியோவும் சொன்னது. முகம் சரிந்த மட்டை அது. மணல் குழியில் விழுந்த பந்தை மேலே எழுப்பி வெளியே எடுக்க வேண்டும். அது தெரியாதவன் குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டே இருப்பான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சேர்மன் பார்த்துக்கொண்டு நிற்க நான் குழிக்குள் நிற்பதை நினைத்து, சொந்தமாக ஒரு வெட்ஜ் வாங்க முடிவு செய்தேன்.

கொழும்புக்குப் போனேன். கடையில் நின்றவர், "எவ்வளவு காலமா விளையாடுறீங்க சேர்?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு வருஷம்."

அவர் மரியாதையோடு, முகம் அறுபது பாகை சாய்ந்த ஒரு வெட்ஜை எடுத்துத் தந்தார். கண்ணாடி போலப் பளபளப்பு. அடிப்பாகம் கத்தி போல மெல்லிசு. "அனுபவமுள்ள ஆட்கள் இதைத்தான் கேட்பாங்க சேர்."

அனுபவமுள்ள ஆள் வாங்கிக்கொண்டு வந்தார். கடற்கரையில் முதல் அடியில் மட்டை மணலுக்குள் புதைந்தது, பந்து அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அடியில் மணலைத் தொடாமல் மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஓதத் தொடங்கினால் பாதியில் மறந்துபோகிறது. மறுபடி முதலிலிருந்து. எலும்பு உடைந்திருந்தால்? அந்தத் தோளால் இனி வலை இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டால்? ஒரு மனிதனின் தொழிலைக் கெடுத்துவிட்டு நான் போய்ப் புல்வெளியில் நிற்பதா?

அவருடைய மனைவி வந்தார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீங்கதானா?"

"ஓம் ராத்தா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னத்துக்கு இந்த வயசில பந்தடிக்கப் போனீங்க?"

ஏனோ தெரியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சேர்மன், பட்டியல், ஏவரேஜ், கடையில் சொன்ன பன்னிரண்டு வருஷம்... வீட்டில் மனைவியிடம்கூட இவ்வளவு சொல்லவில்லை.

"தெரியாதெண்டு சொன்னா வேலையால நிப்பாட்டிருவாங்களா?"

"தெரியாது ராத்தா."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

பிறகு இருவரும் எக்ஸ்ரே அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எலும்பு உடையவில்லை. சதையில் பலத்த அடி, இரண்டு மூன்று கிழமைக்குக் கையைத் தூக்கவே கூடாது என்றார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் ராத்தாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஆனால் தோள் முன்புபோல ஆகுமா என்று கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றுதான் டொக்டர் சொன்னார். அந்தப் 'பார்ப்போம்' என்னோடு வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை சேர்மனுக்கு அழைப்பு எடுத்தேன்.

"சேர், நான் ஏவரேஜ் இல்லை. எனக்கு விளையாடத் தெரியாது."

வேலை போனது என்றே நினைத்தேன்.

"சரி, கடைசிக் குழுவில் வாருங்கள்."

"அதில் வேறு ஆட்கள் இருக்கிறார்களா சேர்?"

"விளையாடத் தெரியாது என்று சொன்னவர்கள் போன கிழமை இரண்டு பேர். இப்போது உங்களோடு ஏழு."

நவ்ஷாத் இப்போது சாய்ந்தமருதில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் வெட்ஜைக் கொண்டுபோனேன். விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான்.

"மச்சான், இது ஆருக்கு வாங்கினீங்க?"

"எனக்குத்தான்."

"இது கிழமையில அஞ்சு நாள் விளையாடுறவனுக்கு. அடி மெல்லிசா இருந்தா மணலுக்குள்ள மண்வெட்டி மாதிரி இறங்கும். அறுபது டிகிரி சாய்வு எண்டா, கொஞ்சம் பிழைச்சாலும் பந்து எங்க போகுமெண்டு தெரியாது. உங்களுக்கு அம்பத்தாறு டிகிரியே போதும். அடிப்பாகம் அகலமா, உருண்டையா இரிக்க வேணும். அப்பதான் சேத்து வயலில மட்டப்பலகை போற மாதிரி மணலுக்கு மேலால வழுக்கிக்கிட்டுப் போகும். பின்பக்கம் குடைஞ்சிருந்தா இன்னும் நல்லம், பிழையா அடிச்சாலும் சமாளிக்கும்."

உள்ளே போய், டோஹாவிலிருந்து வரும்போது கொண்டுவந்த பழைய வெட்ஜ் ஒன்றைத் தந்தான். மங்கிப்போன நிறம். தடித்த அடி. அகப்பை போல ஒரு வடிவம். இதை எப்படி நாலு பேர் முன்னால் எடுப்பது என்ற யோசனை எனக்கு அப்போதும் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"பந்தே வேணாம் மச்சான். மணலில ஒரு கோடு கீறுங்க. அந்தக் கோட்டில மட்டை பட வேணும். அவ்வளவுதான்."

பதினைந்து நாள் பந்தில்லாமல் கோட்டை அடித்தேன். ஒவ்வொரு நாளும் அங்கிருந்து நேரே இஸ்மாயில் காக்காவின் வீட்டுக்கு. கை இன்னும் கழுத்தில் கட்டிய தூளியில்தான் தொங்கியது. "நல்லா இரிக்கி தம்பி" என்பார். ஆனால் சாரத்தின் முடிச்சைக்கூட வலது கையால் மட்டும்தான் இறுக்குவார். நான் அதைத்தான் பார்ப்பேன்.

போன சனிக்கிழமை மலைநாட்டில் விளையாடினோம். நான்காவது ஹோலிலேயே என் பந்து மணல் குழிக்குள். கடைசிக் குழுவின் ஆறு பேரும் பார்த்து நிற்கிறார்கள். முன்னால் யாருமில்லை என்பதை மூன்று தடவை பார்த்தேன். முதல் அடியில் மணல் மட்டும் பறந்தது. இரண்டாவது அடியில் மணலோடு சேர்ந்து பந்தும் எழும்பி, புல்லில் பொத்தென்று விழுந்தது. யாரோ கைதட்டினார்கள்.

அதே மணல் குழிக்குள் குருநாகல் மனேஜர். கையில் கண்ணாடி போல ஒரு அறுபது பாகை வெட்ஜ். ஐந்தாவது தடவை புதைந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அதைக் கொஞ்சம் தருவீர்களா?"

கொடுத்தேன். பின்னேரம் ஆவதற்குள் அந்த அகப்பை ஏழு பேரின் கைக்கும் போய்வந்தது. நாங்கள் சாமான் வாங்குவது எங்களுக்காக அல்ல போலும்... நாங்கள் இன்னார் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்த அந்த ஆளுக்காக.

ஞாயிறு ஊருக்கு வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் இஸ்மாயில் காக்காவின் வீட்டுக்குப் போனேன். அவரைக் காணவில்லை.

"எங்க ராத்தா?"

"விடியவே கடலுக்குப் போயிட்டார்," என்றார் அவர், முற்றத்தைக் கூட்டியபடியே. "நாலு நாளாக் கையத் தூக்கித் தூக்கிப் பாத்தவர். நோகல்லையாம்."

வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோல்ஃபில் நான் எத்தனையாவதாக வந்தேன் என்று ராத்தா கேட்கவில்லை. எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை.