டாக்டர் இரண்டாம் முறை கேட்ட கேள்வி

கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் கனகவல்லிக்கு இந்த ஊரைக் கண்டாலே ஆகாது. கடுகெண்ணெய் வாசனை வயிற்றைப் புரட்டும். கடைக்காரன் பேசுவது காதில் ஏறாது. கணவர் கிருஷ்ணசாமி அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு. ஒவ்வொரு ஏப்ரலிலும், "இந்த வருஷமாவது மதுரைப் பக்கம் மாத்துவாங்களா?" என்று அவரைப் பிய்த்து எடுத்துவிடுவாள்.

கேட்ட மாற்றல் கடைசியில் ஒருநாள் வந்தது. மதுரைக்கே, பதவி உயர்வோடு. ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்புதான் அவர்களுடைய மூத்த பிள்ளை நரேன் இறந்திருந்தான். பதினான்கு வயது. கேவ்ராதலா மயானத்தில் எரித்து, சாம்பலைக் கங்கையில் கரைத்திருந்தார்கள்.

"நீங்க போங்க. அவனை இங்க விட்டுட்டு நான் வர மாட்டேன்" என்றாள் கனகவல்லி.

கிருஷ்ணசாமி மறுவார்த்தை பேசாமல் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது ஐந்து வயதாக இருந்த மகள் அக்‌ஷயா இந்த ஊரிலேயே படித்து, தமிழைவிட வங்காளத்தை நன்றாகப் பேசி, நியூ டவுனில் ஒரு ஐடி கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அத்தனை வருடத்திலும் அந்த வீட்டில் நரேன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ஜனவரி மாதம், பள்ளி விளையாட்டு விழா. தொடர் ஓட்டத்தில் பெயர் கொடுத்திருந்த பையன் அன்று காலையில், "நெஞ்சு படபடங்குதுப்பா, இன்னைக்கு நான் ஓடலை" என்றான். "பேரைக் குடுத்துட்டுப் பின்வாங்கக் கூடாது. பயம்தான், ஓட ஆரம்பிச்சா போயிடும்" என்று முதுகில் தட்டி அனுப்பினார் கிருஷ்ணசாமி. நரேன் ஓடினான். முடிவுக் கோட்டைத் தாண்டி நாலடி நடந்தான். அப்படியே குப்புற விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அறுத்துப் பார்க்கலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "என் பிள்ளை மேல கத்தி வெக்காதீங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி உடலை வாங்கி வந்தார். அதனால் ஏன் இறந்தான் என்பது தெரியாமலே போயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, "நான்தான் வள்ளி அவனைக் கொன்னுட்டேன்" என்று அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். இல்லை என்று கனகவல்லி சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை.

இரண்டு வருடமாகவே கிருஷ்ணசாமி மாடி ஏறும்போது நடுவில் நின்று போனைப் பார்ப்பார். போனில் பார்க்க ஒன்றும் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். கேட்டால், "வயசாகுதுல்ல, ரிட்டயர்மெண்ட் நெருங்குது" என்பார். போன நவம்பரில், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை ரயிலைப் பிடிக்க ஹவுரா போனார்கள். பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டதில் நேரமாகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தவர் பிளாட்பாரத்தில் நெஞ்சைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. கண் முன்னாலேயே ரயில் கிளம்பிப் போயிற்று. அக்‌ஷயா ஆபீஸிலிருந்து பதறி ஓடிவந்து, மறுநாள் காலையிலேயே இதய டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் அனிந்திதா லாஹிரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெஷின் எதையும் தொடாமல், நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு வங்காளமும் இந்தியும் கலந்து பேச ஆரம்பித்தார்.

"எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது?"

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் கிருஷ்ணசாமி.

"முதல் மாடித் திருப்பத்துலயே நிப்பார்" என்றாள் கனகவல்லி.

டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். வங்காளிகள் அம்மாவின் கூடப்பிறந்தவளை அழைப்பதுபோல, "நீங்களே சொல்லுங்கள் மாஷிமா" என்றார். போன வருடம் எந்த மாடியில் நின்றார்? நெஞ்சில் வலியா, இறுக்கமா? நின்றால் எவ்வளவு நேரத்தில் சரியாகிறது? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்ததுண்டா? கால் வீங்குகிறதா? ஒவ்வொன்றையும் நிதானமாகக் கேட்டார். கனகவல்லிக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறீர்களா?"

கிருஷ்ணசாமி தயங்கினார். "ஒரு தடவை. மார்ச்சில். ஆபீஸ் படிக்கட்டில்."

"அப்பா! எங்ககிட்ட சொல்லவே இல்லையே!" என்றாள் அக்‌ஷயா.

"குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா?"

"எங்கப்பா நாற்பது வயசுல போயிட்டார். கடையில மூட்டை இறக்கிட்டிருந்தவர் அப்படியே சாய்ஞ்சுட்டார்."

"குழந்தைகள்?"

"ஒரே மகள்" என்றார் கிருஷ்ணசாமி. அவர் யாரையும் பார்க்கவில்லை. கனகவல்லி மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவரைப் படுக்கவைத்தார் டாக்டர். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, கழுத்து நரம்பை விளக்கொளியில் பார்த்தார். மணிக்கட்டில் நாடி, பிறகு கழுத்தில். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார். உள்ளங்கையை நெஞ்சில் பதித்து ஏதோ கேட்பவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். வைத்த இடத்திலிருந்து நகர்த்தி, திரும்ப அதே இடத்துக்கு வந்து நெடுநேரம் கேட்டார்.

"இறங்கி நில்லுங்கள். இப்போது குந்தி உட்காருங்கள். மெதுவாக எழுந்திருங்கள்."

குந்தியபோதும் எழுந்தபோதும் அந்தக் குழாய் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. "மூச்சைப் பிடித்து வயிற்றை முக்குங்கள்" என்றார். மறுபடி கேட்டார். எழும்போதும் முக்கும்போதும் டாக்டரின் புருவம் சுருங்குவதைக் கனகவல்லி பார்த்தாள்.

டாக்டர் நாற்காலிக்குத் திரும்பினார். குரலை இன்னும் தணித்துக்கொண்டு, மாஷிமாவின் கணவரை வங்காளிகள் அழைக்கும் முறையில் கூப்பிட்டார்.

"மேஷோ, நான் திரும்பக் கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது. எழுந்து நின்றால் கூடுகிறது, குந்தினால் குறைகிறது. இதயத்தின் சதை தடித்துப்போய், ரத்தம் வெளியேறும் வழி குறுகினால் இப்படிக் கேட்கும். ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலும் இது குடும்பத்தில் வருவது. அதனால்தான் கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில் வேறு யாரும் திடீரென்று இறக்கவில்லையா? ஓடும்போது, விளையாடும்போது?"

கிருஷ்ணசாமி சட்டைப் பொத்தானைப் போடப் போய்க் கையை எடுத்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரு பையன் இருந்தான்" என்றாள் கனகவல்லி. "நரேன்."

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் நாக்கில் வந்தது. விளையாட்டு விழாவைச் சொன்னாள். கோட்டைத் தாண்டி நாலடி நடந்ததைச் சொன்னாள்.

"அதற்கு முன்னால் எப்போதாவது மயங்கியிருக்கிறானா மாஷிமா?"

எந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று இத்தனை வருடம் பயந்தாளோ அதே கேள்வி. பொய் சொல்லலாம். ஆனால் பக்கத்தில் அக்‌ஷயா உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தில் வருவது என்று டாக்டர் சொன்ன வார்த்தை மனதில் அறைந்தது.

"மயங்கினான்" என்றாள். "அக்டோபர்ல. ஸ்கூல் பஸ் போயிடும்னு ஓடினவன் கீழ வாசல்லயே விழுந்துட்டான். நான் மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போறதுக்குள்ள முழிச்சுக்கிட்டான். காலையில சாப்பிடாததுதான்னு நினைச்சு குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்தேன். அப்பாகிட்ட சொல்லாதேம்மா, ஃபுட்பால் டீம்லேர்ந்து எடுத்துடுவார்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். சரின்னு சொல்லிட்டேன்."

கிருஷ்ணசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் இன்னும் போடாமல் திறந்தபடி இருந்தது.

"அப்பவே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"தெரியாது மாஷிமா. யாராவது நன்றாகக் கேட்டு, நெஞ்சில் காதை வைத்திருந்தால் பிடிபட்டிருக்கலாம். சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தும் அனுப்பியிருக்கலாம். நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். பிறகு அக்‌ஷயாவின் பக்கம் திரும்பினார். "உன்னையும் இன்று பரிசோதிக்க வேண்டும் அம்மா."

ஸ்கேன் டாக்டர் சொன்னதையே சொன்னது. கிருஷ்ணசாமியின் இதயச் சுவர் தடித்திருந்தது. அக்‌ஷயாவுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் சில வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். மகளின் நெஞ்சில் அந்த ஸ்டெதாஸ்கோப் நகர்ந்த ஐந்து நிமிடமும் கனகவல்லி டாக்டரின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று டாக்டர் தலையசைத்ததும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மகளுக்காக அழுகிறாள் என்று நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நரேன் நெஞ்சில் இப்படி ஒரு குழாயை ஒருத்தரும் வைக்கவில்லையே என்றுதான் அவள் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ணசாமி மூன்றாவது மாடிக்கு மூன்று இடத்தில் நின்று ஏறினார். கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்ததும் கேட்டார்.

"பத்தொன்பது வருஷம் வள்ளி. நான் ஒருத்தனே கொன்னுட்டேன்னு இருந்தேனே. நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

அன்று சொன்னால் பாதிப் பழி தன் தலையில் விழும் என்று பயந்தாள். வருடம் போகப் போக, சொல்லாததே பெரிய பழியாகிப்போனது. இதை எந்த வாயால் சொல்வது? அவர் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டார், மாத்திரையை வாங்கி விழுங்கினார், பேச மட்டும் செய்யவில்லை. அப்படியே ஆறு வாரம் போயிற்று. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவர் மயங்கி விழுந்ததாலும், அப்பாவும் பிள்ளையும் போன விதத்தாலும், இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் சின்னக் கருவி ஒன்றைத் தோளெலும்புக்குக் கீழே வைத்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். ஜனவரி கடைசியில் நாள் குறித்தார்கள். அன்று காலை பச்சை உடுப்பில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர், உள்ளே தள்ளிக்கொண்டு போக வந்தவரை ஒரு நிமிடம் நிற்கச் சொன்னார்.

"வள்ளி."

அவள் அருகில் போனாள்.

"அவன் ஏன் என்கிட்ட சொல்ல வேண்டாம்னான்? என்கிட்ட பயம். அந்தப் பயத்தை நான்தானே குடுத்தேன்." கண்ணீர் ஓரமாக வழிந்து காதுக்குள் போயிற்று. "நீ ஒருத்தியே பழியைச் சுமக்கணும்னு நினைக்காதே. என் அப்பாகிட்டேருந்து எனக்கு வந்தது, என்கிட்டேருந்து அவனுக்குப் போயிருக்கு. எங்கேன்னு போய் யாரைக் குத்தம் சொல்றது?"

"உங்க மேல தப்பில்லைங்க" என்றாள் கனகவல்லி. பதினாறாம் நாள் சொல்லியிருக்க வேண்டியதை அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சொன்னாள். "இல்லைங்க. இல்லவே இல்லை." ஸ்ட்ரெச்சர் நகர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கருவி வைத்த எட்டாம் நாள் வீட்டில் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அக்‌ஷயா வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். சின்ன வயதில் அண்ணனை அவள் வங்காளிப் பிள்ளைகள் மாதிரி தாதா என்றுதான் கூப்பிடுவாள்.

"அம்மா, எனக்குத் தாதா முகமே சரியா ஞாபகம் இல்ல. கேட்டா நீங்க அழுவீங்கன்னு கேட்டதே இல்ல. எப்படி இருப்பான்?"

கனகவல்லி கணவரைப் பார்த்தாள். அவர் தலையணையில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"உசரமா இருப்பான்" என்று ஆரம்பித்தாள். "உன்னைத் தோள்ல தூக்கிட்டு மூணு மாடியும் ஏறுவான். நடுவுல நின்னு மூச்சு வாங்குவான். நீ குண்டுன்னு சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கரண்டி கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. கண்ணைத் திறக்காமலே கிருஷ்ணசாமி, "இடது கையால எழுதுவான்" என்று மெல்லச் சொன்னார். அக்‌ஷயா அம்மாவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி அப்பாவுக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.