இரண்டு முனையிலிருந்தும் பரிமாறிய பந்தி

முதல் வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு பெரிய வட்டம், அதிலிருந்து நாலா பக்கமும் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சின்ன வட்டம். பெரிய வட்டம் தி. நகர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம். சின்ன வட்டங்களில் ஒன்று மயிலாப்பூர், ஒன்று அடையாறு, மற்றவை அக்கம்பக்கத்து வளாகங்கள். நகரத்தின் ஆய்வுப் பல்கலைக்கழகங்களை எல்லாம் அடுத்த தலைமுறை அதிவேக வலையமைப்பில் கோக்கும் திட்டம் அது. வரைந்து கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது.

என்னிடம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான் பொறியியல் படித்தவள் இல்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள். கம்ப்யூட்டர் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார் என்று நானே கழற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கிருந்து ஒரு கல்லூரிக்கு ஒயர் இழுக்கப் போனேன். ஒயர் இழுத்ததிலிருந்து திட்டம் போடும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். நான் பாடம் கேட்டதெல்லாம் கெட்டுப்போன பெட்டிகளிடமும், மனம்விட்டுப் பேசுகிற மனிதர்களிடமும்தான். யாராவது ஒரு பேச்சை நறுக்கென்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு தனியாக ருசிக்கும்.

அப்படி ருசித்த பேச்சு ஒன்றுதான் இந்த வேலையில் என்னை உலுக்கியது. அடையாறு வளாகத்தில் கடலலைகளை ஆராயும் பேராசிரியை ஒருவர் உண்டு. பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அண்ணன் கடலுக்குப் போகிறார், தங்கை கடலைக் கணக்குப் போடுகிறார். கடலில் மிதக்கும் கருவிகள் அனுப்பும் தகவல் எல்லாம் அடையாற்றுக்கு வந்து குவியும். அதைக் கணிக்கிற பெரிய கம்ப்யூட்டர் இருப்பதோ தி. நகர் வளாகத்தில். இடையில் இருந்த பழைய இணைப்பில் அவ்வளவு தகவலும் நகராது. ஆகவே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, பையில் போட்டு, பனகல் பார்க் நெரிசலில் ஆட்டோவில் கொண்டுபோவார்கள். விடை வருவதற்குள் படகுகள் போய்த் திரும்பியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மீன் குழம்பை எனக்கு ஊற்றியபடியே அண்ணன் தங்கையைச் சீண்டினார்.

"இன்னா டீச்சரு, நேத்து அல எப்டி இருந்துச்சுன்னு நீ இன்னிக்குச் சொல்லிக்கினு கீற. அத ஒடைஞ்ச எங்க போட்டே சொல்லுமே."

நான் சிரித்துவிட்டேன். பேராசிரியை சிரிக்கவில்லை. பிறகு கை கழுவும்போது சொன்னார். முந்தைய வருடம் அண்ணனின் படகு பேரலையில் கவிழ்ந்தது. டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரைசேர்ந்தார். அந்த அலையைத் தங்கையின் கணக்கு சரியாகத்தான் கணித்திருந்தது. விடை மறுநாள் வந்தது.

திட்டம் நிறைவேற வேண்டுமானால் எல்லா வளாகங்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விலகினாலும் வாய்ப்பு வேறு நகரத்துக்குப் போய்விடும். பேராசிரியையின் ஆய்வையும் அங்கேயே மாற்றச் சொல்லி ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. "நான் அங்க போய் யார் கடலுக்குக் கணக்குப் போடறது?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டுதான் முதல் கூட்டத்துக்குப் போனேன். படத்தைத் திரையில் போட்டேன். அறை அமைதியானது. எனக்குப் பெருமையாக இருந்தது. கல்யாண வீட்டில் சம்பந்தி முகம் சுருங்குவதற்கு முன்னால் வருகிற அமைதி அது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மயிலாப்பூர் வளாகத்தின் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தங்கள் வளாகம் இருக்கிற கட்டடத்தின் வயதை நினைவூட்டினார். பிறகு சாந்தமாகக் கேட்டார்: "நடுவுல அவா உக்காந்துண்டு இருக்கா, ஓரத்துல நாங்க தொங்கிண்டு இருக்கோம். நாங்க என்ன அவாளுக்கு வாலா?"

தி. நகர்க்காரர் விடவில்லை. அவருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தது. "சார், கல்லா எங்க இருக்கோ அதுதான் கடை. கம்ப்யூட்டர் எங்ககிட்டதான இருக்கு?" என்றார். அதற்குமேல் யாரும் புதைக்கப்போகிற ஃபைபர் கேபிளைப் பற்றிப் பேசவில்லை. யார் வளாகம் மூத்தது, யாருக்கு முதலில் அழைப்பு வந்தது என்று போனது பேச்சு. கையெழுத்து விழவில்லை. இன்னும் ஒரே ஒரு கூட்டம் பாக்கி இருந்தது.

நான் செய்த தப்பு கணக்கில் இல்லை. பள்ளம் தோண்டுகிற தூரம் குறையும் என்றுதான் நடு வைத்து வரைந்திருந்தேன். நம் ஊரில் நடு என்று ஒன்றைக் காட்டினால் மற்ற எல்லாருக்கும் அது ஓரம். பத்திரிகையில் பெயர் கீழே வந்ததற்காக முகூர்த்தத்துக்கு வராத சித்தப்பாக்கள் உள்ள ஊர் இது. அது தெரிந்த நானே அப்படி வரைந்தேன்.

அந்த வாரம் வடபழனியில் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணம். முதல் நாள் ராத்திரி பந்தியில் கடைசி வரிசைக்கு வடை வராமல், மாப்பிள்ளையின் மாமா கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். காலையிலும் இறங்கவில்லை. கடைசி இலையில் உட்கார மாட்டேன், முதல் இலை பெண் வீட்டாருக்கு என்றால் எனக்குச் சாப்பாடே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். சமையல்காரர்களை வழிநடத்தியவர் அவசரப்படவில்லை. ஆட்களை இரண்டாகப் பிரித்தார். "ரெண்டு கோடியிலேந்தும் எறங்குங்கப்பா. நடுவுல பாத்துக்கினா தாண்டிப் போய்க்கினே இருங்க."

மாமா இறங்கி வந்தார். தன் முனையில் உட்கார்ந்தார். அவர் இலையிலும் முதலில் இனிப்பு விழுந்தது, எதிர் முனையில் பெண்ணின் பெரியப்பா இலையிலும் அதே நேரத்தில் விழுந்தது. நான் நடுவில் இருந்தேன். ஒரு பக்கம் சாம்பார் வாளி காலியாகிவிட்டது. எதிர்ப்பக்கத்து ஆள் நிற்காமல் என்னைத் தாண்டிப் போய் மிச்ச இலைகளையும் முடித்தார். யாருக்கும் குறை தெரியவில்லை. நான் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வளையம் ஒன்றும் புதிதல்ல, தொழிலில் உள்ள எல்லாரும் அறிந்ததுதான். கைகோத்து நிற்பதுபோல வளாகங்களை வட்டமாக இணைத்தால் தகவல் இரு பக்கத்திலிருந்தும் வரும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் பார்த்துக்கொள்ளும். அதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு வடபழனியில் கிடைத்தது.

இரண்டாம் கூட்டத்தில் நான் திரையைப் போடவே இல்லை. பந்திக் கதையைச் சொன்னேன். மாடியில் உட்கார்ந்திருந்த மாமாவைச் சொன்னபோது எல்லாரும் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு படத்தை மேசையில் விரித்தேன். எல்லா வட்டமும் ஒரே அளவு. நடு காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் தி. நகரிலேயே இருக்கட்டும், வளையத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு முறைவைத்துச் சுற்றி வரட்டும் என்றேன். தி. நகர்க்காரர் தலையசைத்தார். மயிலாப்பூர்ப் பெரியவர் பேனாவை எடுத்து, தங்கள் வட்டத்தை ஒட்டிய கோட்டின்மேல் வைத்தார்.

"தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கா. இங்க வெட்டிட்டா?"

"ஆத்தைத் தாண்டி அடையாறு வழியா வரும் சார்."

"அங்கயும் வெட்டினா?"

"அன்னிக்கு மட்டும் ஒரே நாள்ல ரெண்டு வாளியும் காலி சார். நானே வந்து பரிமாறுறேன்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். கையெழுத்துப் போடும் தாளை நீட்டினேன். யார் முதலில் என்ற அடுத்த சண்டைக்கு நான் இடம் வைக்கவில்லை. பெயர்களை வட்டமாக அச்சடித்திருந்தேன், மேல் எது கீழ் எது என்று தெரியாது. தாள் மேசையைச் சுற்றிக்கொண்டே போனது, ஒவ்வொருவரும் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போட்டார்கள். கடைசிக் கையெழுத்து விழுந்ததும் பேராசிரியை மேசைக்கடியில் என் விரலைப் பிடித்து நசுக்கினார். இன்றைக்கும் அந்த விரலைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஃபைபர் புதைத்து முடிந்து சோதனை நாள் வந்தது. அடையாற்றில் பேராசிரியை கடல் தகவலை அனுப்பினார். காபி வந்தது. ஆற்றிக் குடிப்பதற்குள் தி. நகரிலிருந்து கணிப்பு திரும்பி வந்துவிட்டது. பையில் போட்டு ஆட்டோவில் போன தகவல் அது. பிறகு மயிலாப்பூர்ப் பக்க இணைப்பை வேண்டுமென்றே பிடுங்கச் சொன்னேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் நிற்கவில்லை. மறுமுனையில் மயிலாப்பூர்ப் பெரியவர் போனில், "வாளி மாறிடுத்து" என்றார். கைதட்டல் அங்கே முதலில் கேட்டதா, இங்கே முதலில் கேட்டதா என்று சொல்ல முடியாது.

ஆனால் பேராசிரியை கைதட்டவில்லை. கணிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பேரலை வரும் என்று இருந்தது. மத்தியான வெயிலில் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கா? இன்னும் வரவே இல்லியே."

"அதான்ணா சொல்றேன். வர்றதுக்கு முன்னாடி."

மறுநாள் காலை நான் பட்டினப்பாக்கம் போனேன். கடல் ரோட்டோரம் வரை ஏறி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் மேட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே அண்ணன் கால் நீட்டி உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார். பேசியது என்னிடம் அல்ல, பக்கத்துப் படகுக்காரரிடம். நான் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் சத்தமாக.

"எவ்ளோ பெரிய அல பாத்தியா நைனா? எங்க டீச்சரு நேத்தே சொல்லிச்சு."