நான் கையெழுத்துப் போடாத பிட் நோட்டீஸ்

சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல நான் புரூஃப் பாக்குறவ. எங்க பிரஸ்ல ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் புரூஃப்ல பச்சைப் பேனாவால 'ஓட்டலாம்'னு எழுதி நான் கையெழுத்துப் போட்டாத்தான் பிளேட் போடுவாக, மிஷின் ஓடும். முதலாளியே அவசரப்பட்டாலும் இது மாறாது. பச்சை மை ஆபீசர்மாருக்குத்தானக்கான்னு மிஷின்ல நிக்கிறவுக கேலி பண்ணுவாக. இந்த மேசைக்கு நாந்தான்டா ஆபீசர்னு சொல்லிருவேன். பெருமைதான், அதை ஏன் ஒளிக்கணும்? இருபத்தாறு வருசத்துல நான் பாத்த எந்தக் காலண்டர்லயும் அமாவாசை தேதி மாறி வந்ததில்ல.

போன வருசம் காலண்டர் சீசன் முடிஞ்சு மிஷினெல்லாம் சும்மா கெடந்த மாசி மாசம், எங்க அண்ணன் ஒரு ஆர்டரோட வந்தாரு. நாரணாபுரத்துல பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுத்துற சின்னக் கம்பெனி வச்சிருக்காரு. பிட் நோட்டீஸ் ஐயாயிரம்னாரு. வேலையில்லாத நேரத்துல வந்த ஆர்டர், முதலாளி சிரிச்ச முகமா வாங்கி வச்சாரு. புரூஃப் என் மேசைக்கு வந்ததும் தலைப்பைப் பாத்தேன். வருமான வரி கட்டச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லைன்னு கொட்டை எழுத்துல இருந்துச்சு. உடனே அண்ணனுக்குப் போனைப் போட்டுக் கேட்டேன்.

விசயம் என்னன்னா, ரெண்டு வருசமா அண்ணன் வருமான வரிக்கு ரிட்டர்ன் போடல. ஏன் போடலைன்னு ஆபீசுல இருந்து கடுதாசி வந்து, பதில் சொல்ல இன்னும் பன்னெண்டு நாளு பாக்கி. ஆடிட்டர்ட்ட போறதை விட்டுட்டு, செல்போன் வீடியோவுல கோட்டு மாட்டிக்கிட்டு எவனோ பேசுனதைக் கேட்டுருக்காரு. இஷ்டப்பட்டவுக கட்டலாம், கட்டாயம் கிடையாது, அரசியல் சட்டமே வரி வாங்கக் கூடாதுங்குதுன்னு அவன் அளந்து விட்டிருக்கான். அதை அப்படியே எழுதி ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, ஆபீஸ் கடுதாசிக்கும் இதையே பதிலா அனுப்பப் போறேன்னாரு. அனுப்புனா அபராதம், கேசுன்னு இழுத்து, அவர் கஷ்டப்பட்டு நிமித்துன கம்பெனி படுத்துரும்.

நோட்டீஸைப் படிக்கப் படிக்க, நடுவுல ஒரு வாக்கியம் மட்டும் எங்கயோ பாத்த முகமா இருந்துச்சு. யாரும் எந்த வரியும் போடவும் கூடாது, வாங்கவும் கூடாதாம். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. போட்டித் தேர்வு எழுதுற பிள்ளைகளுக்குன்னு அரசியல் சட்டப் புஸ்தகம் ஒண்ணு நாங்க அடிச்சிருந்தோம். நாலு புரூஃப்பும் நாந்தான் பாத்தேன், கண்ணு பூத்துப் போச்சு. அடிச்ச ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிரதி பிரஸ்ல எடுத்து வைப்போம். ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேல இருந்து அதைத் தேடி எடுத்தேன். தூசியைத் தட்டிப் பாத்தா, நான் நெனைச்சது சரிதான். சட்டத்தோட அதிகாரம் இல்லாம எந்த வரியும் போடக் கூடாது, வாங்கக் கூடாதுன்னு முழுசா இருக்கு. முன்னால இருக்கிற 'சட்டத்தோட அதிகாரம் இல்லாம'ங்கிறதை நறுக்கிட்டு மிச்சத்தை மட்டும் அந்தக் கோட்டுக்காரன் ஊருக்கு வித்திருக்கான். கடைசியில இருக்கிற அதிகாரப் பட்டியலையும் பொரட்டுனேன். விவசாய வருமானம் நீங்கலா மத்த வருமானத்துக்கு வரி போடுற அதிகாரம் மத்திய அரசுக்குன்னு தெளிவா இருந்துச்சு. அந்த அதிகாரத்துலதான் வருமான வரிச் சட்டமே போட்டிருக்காக.

இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு முதலாளிட்டச் சொன்னேன். எழுத்துப் பிழை பாக்குறதுதானக்கா நம்ம வேலை, வரி கட்டுறதும் கட்டாததும் அவுகவுக பாடுன்னு முதலாளி இழுத்தாரு. அமாவாசை தேதி மாறிப் போனா எழுத்துப் பிழைன்னு விட்டுருவீகளான்னு கேட்டேன். அவரு டீ சொல்லப் போயிட்டாரு.

அண்ணனைக் கூப்பிட்டு உக்கார வச்சு, ரெண்டு பக்கத்தையும் விரல் வச்சுக் காட்டுனேன். லேசுல விடுற ஆளா அவரு? ரோடு எந்த லச்சணத்துல கெடக்கு, எதுக்குக் கட்டணும்னாரு. ரோட்டுக்குச் சண்டை போடு, நானும் வாரேன், அதுக்காகச் சட்டமே இல்லைன்னு சொல்லாதன்னேன். அப்ப வெம்பக்கோட்டையில நிக்கிற என் மக்காச்சோளத்துக்கு வரி இல்லையான்னு கேட்டாரு. இல்லவே இல்ல, அதுக்கு வேணா நோட்டீஸ் அடி, இப்பவே கையெழுத்துப் போடுறேன்னேன். சிரிப்பாருன்னு பாத்தேன், சிரிக்கல.

"சிவகாசியில வேற பிரஸ்ஸே இல்லையா பாப்பா?"

"தெருவுக்குத் தெரு இருக்கு, போய் அடிச்சுக்கோண்ணே. ஆனா உன் பேர் போட்ட தாள்ல பொய் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, 'ஓட்டலாம்'னு என் கையால எழுத மாட்டேன்."

இதை நான் யார்ட்டச் சொல்றேன்? பத்தாவதோட படிப்பை நிப்பாட்டிட்டு, லாரியில லோடு ஏத்தி என்னைக் காலேஜுக்கு அனுப்புன அண்ணன் அவரு. என் மேசையில நான் உக்காந்திருக்கிறதே அவரு முதுகு வலியிலதான். புஸ்தகத்தை அவர் கையில திணிச்சேன். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

ஒம்போது நாள் பேச்சுவார்த்தை இல்ல. போன் போட்டா மதினிதான் எடுப்பாக, அவரு வெளிய போயிருக்காருன்னு சொல்வாக. எனக்குச் சோறு எறங்கல. ஆனாலும் தப்புப் பண்ணிட்டோமோன்னு ஒரு நிமிசம்கூட நெனைக்கல.

பத்தாம் நாள் காலையில வந்தாரு. என் மேசையில ஒரு தாளை வச்சாரு. ஆடிட்டர்ட்டப் போய், பாக்கி வரியையும் அபராதத்தையும் கட்டி, கடுதாசிக்கு ஒழுங்கா பதில் அனுப்பி, ரிட்டர்ன் போட்டதுக்கான ரசீது அது. பாத்துச் சொல்லுன்னாரு. மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை படிச்சேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. என்ன செய்றோம்னு தெரியாமலே பச்சைப் பேனாவை எடுத்து, மூலையில 'ஓட்டலாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அரசாங்கத் தாள்ல கிறுக்கிட்டியே பாப்பான்னு அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு. வேற பிரிண்ட் எடுத்துக்கோன்னு சொன்னேன்.

போன வாரம் அவரு கம்பெனிக்குப் போயிருந்தேன். லைசென்ஸ் பக்கத்துல கண்ணாடி போட்டு அந்தத் தாள் தொங்குது, என் பச்சைக் கையெழுத்தோட. எம். புதுப்பட்டியில இருந்து லோடு எடுக்க வந்த ஒருத்தர், வரி கட்டச் சொல்லிச் சட்டமே இல்லியாமேன்னு போன்ல அதே கோட்டுக்காரன் வீடியோவைக் காட்டுனாரு. அண்ணன் சுவத்துப் பக்கம் கையைக் காட்டுனாரு.

"எங்க பாப்பா பாத்துக் கையெழுத்துப் போட்டது. அதுல தப்பு இருக்காது."